ஜன்னல் மேஜைக்கு ஒரு மலை சைக்கிள்

அந்தத் தையல் கடையில் துணி வெட்டும் மேஜைகள் இரண்டு. ஒன்று ஜன்னலை ஒட்டி. மற்றது உள்ளே, அலமாரிக்குப் பக்கத்தில், எந்நேரமும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ட்யூப்லைட்டுக்குக் கீழே. கடைக்கு மாப்பிள்ளைகளும் இரண்டு. மேஜையையும் மாப்பிள்ளையையும் சரியாக எண்ணிக் கொடுத்த கடவுள், ஜன்னலை மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். வந்ததே வினை.

மாமனார்தான் கடைக்குச் சொந்தக்காரர். ஊரே அவரைப் பெரிய மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்; ஆனால் காலையில் கதவைத் திறந்து, பொத்தான் டப்பாக்களுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்வதை விடவில்லை. மாப்பிள்ளைகள் ஜன்னலுக்காக முட்டிக்கொண்டபோது, அவர் இரண்டே வரியில் தீர்ப்புச் சொன்னார்.

"காலையில யார் கால் முதல்ல உள்ள படுதோ, அன்னிக்கு அவங்களுக்கு ஜன்னல். பேச்சு முடிஞ்சுது."

பெரிய மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் இருந்தது. சட்டைக்குக் கஞ்சி போட்டு, அதைவிட விறைப்பாகத் தானும் இருப்பவர். சின்ன மாப்பிள்ளைக்கு பஸ். வாரத்தில் பாதி நாள் அவரும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் பாலத்தைப் பழுதுபார்க்கிறோம் என்று பஸ்ஸை ஊரெல்லாம் சுற்றிவிட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து அவருக்கு ட்யூப்லைட்டே கதி.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் கண்ணில் இருந்தது. தூரத்தில் போகிற பஸ்ஸின் எண் தெரியும். கைக்குள் இருக்கிற ஊசியின் காது தெரியாது. கொஞ்ச நாளுக்கு முன்னால், அந்த ட்யூப்லைட்டின் கீழே ஒரு கோட்டுக்குக் கை வெட்டினார். இரண்டுமே இடது கை. பொத்தான் துளை போடுவது அவர் மனைவியின் வேலை. அவள்தான் முதலில் பார்த்தாள். யாரும் பார்க்கும் முன் மிச்சத் துணியில் ஒரு வலது கையை வெட்டி ஒப்பேற்றினாள். தப்பிப் பிறந்த கையை ஒரு பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"வெளிச்சம் பத்தல, அவ்வளவுதான்," என்றார் சின்ன மாப்பிள்ளை.

"கண்ணாடி போட்டா என்னவாம்?"

"போட்டா நான் இஸ்திரி மேஜைக்குப் போகணும்."

அதுவும் நிஜம். "கண்ணாடி போட்ட கட்டரும் மூக்கடைச்ச சமையல்காரனும் ஒண்ணு" என்பது பெரிய மாஸ்டரின் வேதவாக்கு. முன்பு துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டர் ஒருவர் கண்ணாடியோடு வந்த அன்றே, மாஸ்டர் அவரிடமிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டு கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டார். அந்தக் கட்டர் இன்றைக்கும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த நேரம் பார்த்து வந்தது ஒரு கோட்டுத் துணி. வாத்தியக் குழு ஒன்றின் தலைவர், மேடையில் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்பவர், சின்ன மாப்பிள்ளைதான் வெட்ட வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பில் கறுப்புக் கோடு போட்ட துணி. முதுகில் கோட்டுக்குக் கோடு சேர வேண்டும். ட்யூப்லைட்டின் கீழே அது துணியாகத் தெரியவில்லை, இருட்டாகத் தெரிந்தது. வாரக் கடைசிக்குள் வெட்டியாக வேண்டும். அதற்குள் ஒரே ஒரு நாளாவது ஜன்னல் வேண்டும். இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டி.

வீட்டு பால்கனியில் ஒரு மலை சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. மச்சினனுடையது. மலை மலையாக ஏறப்போகிறேன் என்று வாங்கினான். மாடி ஏறியதோடு சரி. அவன் வெளிநாடு போன நாளிலிருந்து அதன் மேல் துண்டும் உள்பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. சின்ன மாப்பிள்ளை ஒரு நாள் ஈரத் துண்டை எடுத்துவிட்டு அதை ஒரு பார்வை பார்த்தார்; பழைய கோட்டைப் பிரிக்குமுன் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

சைக்கிள் கடைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது பாறை மேல ஏற வண்டி சார். நீங்க ரோட்டுல ஓட்டக் கேக்கறீங்க."

"பெரியவங்க கோட்டைப் பிரிச்சுக் குழந்தைக்குக் கால்சட்டை தைச்சவன் நான். இதையும் ஆல்டரேஷன்னு நினைச்சுக்குங்க."

ஆல்டரேஷன் நடந்தது. பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாக இருந்த டயரைக் கழற்றி, வழவழப்பான டயர் போட்டார்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருந்தது ஸ்பிரிங் வைத்த கவை. மிதிக்கும்போதெல்லாம், மாமியார் பேச்சுக்குத் தலையாட்டும் புது மாப்பிள்ளை போலக் குனிந்து குனிந்து நிமிரும். மிதிக்கிற பலம் பாதி அந்த மரியாதைக்கே போய்விடும் என்றார் கடைக்காரர். அதை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்காத கவையைப் பொருத்தினார். நாள் முழுக்க மேஜை மேல் குனிகிறவர் சைக்கிளிலாவது நிமிர்ந்து உட்காரட்டும் என்று கைப்பிடி உயர்ந்தது. தேய்த்த கால்சட்டைக்காக மட்கார்டும் செயின் மூடியும் வந்தன. கத்தரியும் டிபன் டப்பாவும் வைக்கப் பின்னால் கேரியர், முன்னால் கூடை, சாய்த்து நிறுத்த ஸ்டாண்டு, அடிக்க மணி.

இருட்டில் லைட் பட்டால் மின்னுகிற ஒட்டு நாடாவைச் சின்ன மாப்பிள்ளை தானே போய் வாங்கி வந்தார். மட்கார்டு, கேரியர், கவை என்று ஓர் இடம் விடாமல் ஒட்டினார்.

"மஞ்சள் புள்ளி போட்டது. எப்படி இருக்கு?"

மனைவி கிட்டே வந்து பார்த்தாள். புள்ளியா அது? வாத்துக் குஞ்சு. வரிசை வரிசையாக மஞ்சள் வாத்துக் குஞ்சுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்பு ரிப்பன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கண்ணைப் பறிக்குதுங்க," என்றாள்.

மிச்சம் இருந்தது சீட்டின் உயரம். அதைத் தானே வைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். சின்ன மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "அளவு எடுக்கறது என் தொழில்," என்று வீட்டுக்கு வந்து சுவரோடு நின்றார். மனைவி முட்டி போட்டு, டேப்பைக் கவட்டிலிருந்து குதிகால் வரை பிடித்தாள். அளவைச் சொன்னாள்.

"நாலு விரல் கூட விடு," என்றார் அவர், பழக்க தோஷத்தில். "துவைச்சா சுருங்கும்."

"ஆமா," என்றாள் அவளும்.

வேறு வீடாக இருந்தால் அந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள். தையல்காரர் வீட்டில் அது சிரிக்கிற சமாசாரமே இல்லை. அளவு அப்படியே கடைக்குப் போயிற்று. கடைக்காரர் ஒரு தடவை அவர் காலைப் பார்த்தார், ஒரு தடவை சீட்டைப் பார்த்தார், சொன்னபடி ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை, கட்டடத்து வாசற்படியில் நின்றுகொண்டு ஏறியதால் ஏறுவதில் சிரமம் இல்லை. சைக்கிள் வெண்ணெயாக ஓடியது. பாலத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தன்னுடைய பழைய பஸ்ஸைத் தாண்டும்போது ஒரு மணி அடித்தார், மரியாதைக்கு. கடைத் தெருவுக்குள் திரும்பினால், கதவு திறந்திருக்கிறது, மாமனார் ஸ்டூலில் இருக்கிறார், சகலையின் ஸ்கூட்டரைக் காணோம். சின்ன மாப்பிள்ளை பிரேக்கைப் பிடித்துக் காலைக் கீழே விட்டார்.

கால் கீழே வந்தது. தரை வரவில்லை.

வண்டி சாயப் பார்த்தது. பிரேக்கை விட்டு மிதித்துக் கடையைத் தாண்டிப் போனார். தெருக்கோடியில் திரும்பி வந்தார்.

"மாமா, வந்துட்டேன்," என்று குரல் கொடுத்தார்.

"வந்தா உள்ள வாங்க மாப்பிள்ளை."

"இதோ வரேன்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார். மறுபடி வந்தார். "மாமா, இதையே வந்ததா வெச்சுக்கலாமா?"

"கால் உள்ள படணும். வார்த்தை பட்டாப் போதாது."

அடுத்த சுற்றில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பெரிய மாப்பிள்ளை அவசரமே இல்லாமல் இறங்கி, சட்டையின் விறைப்பைச் சரிபார்த்தார்.

"என்ன சகலை, காலையிலயே காத்து வாங்கறீங்களா?"

"ஆமா சகலை. கொஞ்சம் இந்த வண்டியப் பிடிங்களேன்."

"பிடிக்கலாம்தான். உள்ள கொஞ்சம் வேலை இருக்கே," என்று பெரிய மாப்பிள்ளை வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். சின்ன மாப்பிள்ளை கடைசியில் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்து நின்றார். நெடுநாள் பிரிந்த அண்ணன் தம்பியா என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

அவர் மனைவி சின்னவள் வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது, வாசலில் அக்கா புருஷன் டீ குடித்தபடி சைக்கிளைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"அந்த மஞ்சள் புள்ளி நல்லா எடுப்பா இருக்கு சகலை. எங்க வாங்கினீங்க?"

சின்னவள் வைத்த காலை எடுக்காமல் நின்றாள். புள்ளியா? இவருக்குமா?

மறுநாள் அவர் ஸ்கூட்டரின் முகப்பிலும் பக்கவாட்டிலும் வாத்துக் குஞ்சுகள் வந்து உட்கார்ந்திருந்தன.

சின்ன மாப்பிள்ளை சீட்டை இறக்கினார். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டார். அதனாலும் ஜன்னல் கிடைக்கவில்லை. சைக்கிளைக் கண்டு பயந்துபோன பெரிய மாப்பிள்ளை, கதவு திறப்பதற்கு முன்பே வந்து, ஒரு காலைத் தூக்கி வாசற்படிக்கு மேலே பிடித்துக்கொண்டு கொக்கு போல நிற்க ஆரம்பித்தார். வாரம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணி மடித்தபடியே இருந்தது. வாத்தியக் குழுத் தலைவர் வழியோடு போகும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்து, "முதுகு முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் சின்ன மாப்பிள்ளை சாப்பாட்டைத் தொடவில்லை. நாளைக்கு வெட்டாவிட்டால் நேரமில்லை. வெட்டினால் முதுகு என்னவாகுமோ.

சின்னவள் சாப்பாட்டு வேளையில் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அத்தான் பேப்பர் படிக்கறப்ப எவ்வளவு தூரத்துல வெச்சுப் படிக்கறார்?"

"ஏன் கேக்கறே? அவர் கையை நீட்டி நீட்டி, இனிமே பக்கத்து வீட்டுக்காரர் பிடிச்சுக் காட்டினாத்தான் உண்டு."

"ஸ்கூட்டர்ல என்ன ஒட்டியிருக்கார், பாத்தியா?"

பெரியவள் போனுக்குள்ளேயே சிரித்தாள். "வாத்து. நான் ஒண்ணும் சொல்லல. மனுஷன் புள்ளி புள்ளின்னு சந்தோஷமா இருக்கார், எதுக்குக் கெடுப்பானேன். அதவிடு, ஒரு விஷயம் கேளு. சட்டையத் துவைக்கறப்ப நெஞ்சுக்கு உள்பக்கம் ஒரு ரகசியப் பை. உள்ள கண்ணாடி. இவரே தைச்ச பை, என்ன நேர்த்தி தெரியுமா. வாங்கிப் பதுக்கிட்டாரே தவிர, அப்பாவுக்குப் பயந்து வெளிய எடுக்கறதில்ல."

சின்னவள் போனை வைத்துவிட்டு, புழுக்கத்துக்குக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த புருஷன் சட்டையைத் தடவிப் பார்த்தாள். நெஞ்சுக்கு உள்பக்கம், அதே இடத்தில், அதே நேர்த்தியில் ஒரு பை. உள்ளே கண்ணாடி. எனக்குக்கூடத் தெரியாமலா என்று ஒரு நிமிஷம் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பவும் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில அத்தான் ஸ்கூட்டர் சாவி எங்க இருக்கும்?"

"எங்க இருக்கணும்?"

"மாவு டப்பாவுக்குள்ள."

"அடி மட்டத்துல இருக்கும். போ."

மறுநாள் சின்ன மாப்பிள்ளை முகத்தில் பாதி நுரையோடு பால்கனியில் நின்றபோது, கீழே ஒரு மணிச் சத்தம். எட்டிப் பார்த்தார். அவருடைய சைக்கிள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்தது அவருடைய மனைவி. பள்ளிக்கூட நாளுக்கப்புறம் அவள் சைக்கிளைத் தொட்டதில்லை. ஆனால் அவர் கோபத்தில் இறக்கிய சீட்டு அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கூடையில் ஒரு பை.

அவர் நுரையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். இறங்கி ஓடி வந்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து பெரிய மாப்பிள்ளை ஓடி வருகிறார், சட்டையெல்லாம் கசங்கி, கையெல்லாம் மாவு. இரண்டு பேரும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து, கதவு நிலையில் சிக்கிக்கொண்டார்கள்.

"ரெண்டு காலும் ஒண்ணாத்தான் பட்டுது," என்றார் பெரிய மாஸ்டர் ஸ்டூலிலிருந்து. "ஆனா மேஜையில ஆள் இருக்கு."

ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்புத் துணியை விரித்து வைத்து, சின்னவள் சாக்குக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது மாப்பிள்ளைங்களுக்குப் போட்ட சட்டம் மாமா," என்றார் பெரிய மாப்பிள்ளை மூச்சிரைக்க.

"கால் இருக்கறவங்க எல்லாருக்கும் போட்டதுதான். அவ கால் முதல்ல வந்துது."

"ஜன்னல் எனக்கு வேண்டாம்," என்றாள் சின்னவள். "விட்டுத் தரேன். சட்டைக்கு உள்பக்கம் ஒளிச்சு வெச்சிருக்கறத எடுத்து, யார் முதல்ல மூக்கு மேல வைக்கறாங்களோ அவங்களுக்கு."

இரண்டு மாப்பிள்ளைகளின் கையும் ஒரே சமயத்தில் நெஞ்சுக்குப் போயிற்று. பெரிய மாஸ்டர் பதறி எழுந்தார்.

"என்னம்மா இது, ரெண்டு பேருக்கும் சேர்ந்தா நெஞ்சு வலி வரும்?"

சின்ன மாப்பிள்ளை இஸ்திரி மேஜையைப் பார்த்தார். அங்கே பழைய கட்டர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கறுப்புத் துணியைப் பார்த்தார். இவ்வளவு வெளிச்சத்திலும் அதில் ஒரு கோடும் தெரியவில்லை. ஜன்னல், ஜன்னல் என்று அடித்துக்கொண்டதெல்லாம் இதற்குத்தானா! அந்தத் துணியை இப்படியே வெட்டினால் பாழாகும். பாழாக்குவதைவிட, மானமாகத் தேய்த்துவிட்டுப் போகலாம்.

சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். துணியின் மேல் குனிந்தார்.

"அட," என்றார் மெதுவாக. "இவ்வளவு கோடா."

அதைப் பார்த்ததும் பெரிய மாப்பிள்ளைக்கும் நெஞ்சில் கை நிற்கவில்லை. அவரும் எடுத்து மாட்டினார். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே ஃபிரேம். சகலைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சகலை, உங்களுக்கு இவ்வளவு நரையா?"

"அது இருக்கட்டும். உங்க மூக்குல மச்சம் இருக்கே, எப்ப வந்துது?"

பெரிய மாஸ்டரின் முகம் இறுகியது. "கண்ணாடி போட்ட கட்டரும்…" என்று தொடங்கினார்.

சின்னவள் பையிலிருந்து அந்தத் தப்பிப் பிறந்த கையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "அப்பா, இது கண்ணாடி போடாத கட்டர் வெட்டினது. ஒரு கோட்டுக்கு ரெண்டு இடது கை. அத்தான் வெட்டினது அக்காகிட்ட இருக்கு, கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு," என்றார் பெரிய மாப்பிள்ளை அவசரமாக.

பெரிய மாஸ்டர் அந்தக் கையை எடுத்தார். இடதா வலதா என்று பார்க்கத் தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளினார். தலையைப் பின்னால் சாய்த்தார். அவருடைய கை அதற்கு மேல் நீளவில்லை. கடையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இஸ்திரி மேஜைக்காரர் உட்பட.

"எங்க," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதை இப்படிக் கொடுங்க மாப்பிள்ளை."

பெரிய மாப்பிள்ளையின் கண்ணாடியை வாங்கி மாட்டினார். துணியைப் புரட்டினார். "இடதுதான்," என்றார். பொத்தான் டப்பாக்களைப் பார்த்தார். வெள்ளைப் பொத்தானோடு யானைத் தந்த நிறப் பொத்தான் கலந்து கிடப்பதைப் பார்த்து டப்பாவை மூடினார். இஸ்திரி மேஜைப் பக்கம் ஒரு தடவை பார்த்து, "நாளையிலேருந்து கத்தரிய எடுத்துக்குங்க," என்றார். பழைய கட்டர் தன் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பெரிய மாஸ்டரின் பார்வை அப்படியே நகர்ந்து, திறந்த கதவு வழியாக வாசலுக்குப் போனது. எழுந்து சைக்கிள் அருகில் போய்க் குனிந்தார்.

"ஏன் மாப்பிள்ளை," என்று அங்கிருந்தே கேட்டார், "வேலைக்கு வர சைக்கிள்ல எதுக்கு இத்தனை வாத்து?"

"வாத்தா?"

சின்ன மாப்பிள்ளை ஓடிப்போய்க் கண்ணாடியோடு பார்த்தார். ரிப்பன் கட்டிய குஞ்சுகளெல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தன. பெரிய மாப்பிள்ளைக்குக் கண்ணாடி மாமனாரிடம் மாட்டிக்கொண்டதால், "புள்ளிதானே அது, புள்ளிதானே" என்று கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு தன் ஸ்கூட்டர் ஞாபகம் வந்து, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே கோட்டு வெட்டப்பட்டது. முதுகில் கோட்டுக்குக் கோடு சேர்ந்தது. வெட்டி முடித்ததும் சின்ன மாப்பிள்ளை, "சகலை, நீங்க இங்க வாங்க, எனக்கு ட்யூப்லைட்டே போதும்," என்றார். "ஏன், எனக்கு மட்டும் போதாதா?" என்றார் அவர். அதிலும் ஒரு சின்னச் சண்டை வந்து போனது.

வாத்துகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள், வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள். நல்ல பசை. நிறம் மங்கவில்லை, உரியவும் இல்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் கடைக்கு வழி கேட்டால் இப்போது, "வாத்து நிக்குதே, அந்தக் கடை," என்று சொல்கிறார்கள்.

சாயங்காலம் சின்னவள் சைக்கிளை எடுத்தாள். சின்ன மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றாமலே கேரியரைத் தட்டிப் பார்த்தார்.

"சீட்டை நாளைக்கு எனக்கு ஏத்திடறேன். அளவு சரியா நாலு விரல்…"

அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பிப் பார்த்தாள்.

"அது சுருங்காதுங்க," என்றாள். "நீங்க பஸ்ல வாங்க."

மணி அடித்துவிட்டுப் போய்விட்டாள்.